எவருக்கும் மறுக்கலாகாது

மொழிபெயர்ப்புத் தொழிலில் ஈடுபட்டவர்களுக்கு நீண்ட சொற்களைவிடக் குறுஞ்சொற்களே அதிகத் தொல்லை கொடுப்பவை. வாக்கியம் எத்தனை முழ நீளமாயினும் பொறுமையோடு பிரித்துப் பிரித்துத் தமிழாக்கிவிடலாம். ஒரே ஓர் எளிய சொல் குறுக்கே வந்து படுத்துக்கொள்ளும், அரைநாள் போய்விடும். எனக்கு அவ்வாறு அரைநாள் வேலை வைத்த சொற்களுள் ஒன்று, நமது அரசியல் சாசனத்தின் 14ஆம் ஷரத்தில் வரும் ‘பர்சன்’ என்பது. இந்திய எல்லைக்குள் சட்டத்தின் முன் சமநிலையையும், சட்டங்களின் சமமான பாதுகாப்பையும் எந்தப் ‘பர்சனுக்கும்’ அரசு மறுக்கலாகாது என்பது அந்த ஷரத்தின் சாரம். அதற்கு அடுத்த 15ஆம் ஷரத்து குடிமக்களைப் பற்றிப் பேசுகிறது; 16உம் அவ்வாறே. 14ஆம் ஷரத்தோ குடிமகனா அன்னியனா என்று கேட்பதில்லை.

இதற்குத் தமிழில் என்ன சொல்வது? ‘நபர்’ என்பது போலீஸ் அறிக்கையின் வாடை வீசும் சொல். ‘மனிதர்’ என்றால் சட்டம் பேசுவதுபோல் இல்லாமல் சொற்பொழிவு பேசுவதுபோல் ஆகிறது. ‘ஆள்’ என்பதே நேர்ச்சொல். ஆனால் ‘ஆள்’ என்ற நம் சொல்லுக்குள் இன்னொரு பொருள் உறங்குகிறது. பண்ணையாள், படியாள் என்கிறோமே, அந்த ஆள். சுந்தரமூர்த்தி நாயனாரின் திருமணத்தில் கிழவேதியராக வந்த இறைவன் நீட்டிய அடிமைச் சீட்டுக்கு ‘ஆளோலை’ என்றுதானே பெயர்! மனிதன் என்பதற்கும் அடிமை என்பதற்கும் ஒரே சொல். ஆகவே, ‘எவருக்கும்’ என்று எழுதி அந்தச் சங்கடத்திலிருந்து தப்பித்துக்கொண்டேன்.

ஆனால் இதே சங்கடம் ஆங்கிலச் சொல்லுக்கும் ஒருகாலத்தில் இருந்தது என்பதைப் பிறகுதான் அறிந்தேன். நமது 14ஆம் ஷரத்தின் பிற்பகுதி அமெரிக்க அரசியல் சாசனத்தின் 14ஆவது திருத்தத்திலிருந்து வந்தது. எண் பொருந்தியது தற்செயல்; சொற்கள் பொருந்தியது தற்செயல் அன்று. அந்தத் திருத்தத்தை 1866 ஆம் ஆண்டில் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் நிறைவேற்றுவித்தவர் ஒரு கிழவர். பென்ஸில்வேனியா மாநிலத்து வழக்குரைஞர். பெயர் தாடியஸ் ஸ்டீவன்ஸ். அவருடைய வரலாற்றையே இங்கே சொல்ல முற்படுகிறேன்.

அமெரிக்க நாட்டின் வடகிழக்குக் கோடியில் வெர்மான்ட் என்னும் மாநிலத்தில், டான்வில் என்ற சிற்றூரில், 1792 ஆம் ஆண்டு ஏப்ரல் 4ஆம் நாள் ஸ்டீவன்ஸ் பிறந்தார். பிறவியிலேயே ஒரு பாதம் வளைந்திருந்தது. அவருடைய அண்ணனுக்கோ இரு பாதங்களும் அவ்வாறே. தந்தை குடும்பத்தைக் கைவிட்டுச் சென்றுவிட்டார். தாயார் சாரா உழைத்து நான்கு ஆண்மக்களையும் காத்தார். நொண்டிப் பிள்ளை கழனி வேலைக்கு உதவான், படிப்பொன்றே அவனுக்குக் கதி என்று தீர்மானித்து, நல்ல பள்ளி இருந்த பீச்சம் என்ற ஊருக்கே குடும்பத்தைப் பெயர்த்துக்கொண்டு போனார் அந்த அம்மையார். பிற்காலத்தில் கையில் பணம் சேர்ந்ததும் ஸ்டீவன்ஸ் தாயாருக்கு ஒரு பண்ணை வாங்கிக் கொடுத்தார். தம் வாழ்நாளில் செலவிட்ட பணத்திலேயே மிகுந்த மனநிறைவு தந்தது அதுதான் என்று அவர் சொல்வாராம்.

1814 இல் டார்ட்மத் கல்லூரியில் பட்டம் பெற்றார். மறு ஆண்டு பென்ஸில்வேனியாவில் யார்க் என்ற ஊருக்கு ஆசிரியராகப் போனார். பகலில் பாடம் சொல்லிக்கொடுத்து, ஓய்வு நேரத்தில் சட்டம் படித்தார். வேறு தொழில் செய்துகொண்டே சட்டம் பயின்றவர்களைச் சேர்த்துக்கொள்வதில்லை என்று அவ்வூர் வழக்குரைஞர்கள் விதி வைத்திருந்தனர். ஸ்டீவன்ஸ் வாதாடிக்கொண்டிருக்கவில்லை. குதிரையேறி எல்லை தாண்டி மேரிலாந்து மாநிலத்துக்குச் சென்று, அங்கே தேர்வு பெற்றுத் திரும்பினார். அந்தத் தேர்வில் சட்டப் புத்தகங்களைக் காட்டிலும் நீதிபதிகளுக்கு வாங்கிக் கொடுத்த மதுப்புட்டிகளுக்கே அதிக மதிப்பு இருந்தது என்று அவரே பின்னாளில் நகைச்சுவையாகச் சொன்னதுண்டு. 1816 இல் கெட்டிஸ்பர்க் நகரில் தொழில் தொடங்கினார்.

இப்போது அவருடைய வாழ்வின் இருண்ட ஏட்டுக்கு வருகிறோம். பென்ஸில்வேனியாவில் 1780 ஆம் ஆண்டிலேயே அடிமை முறையைப் படிப்படியாக ஒழிக்கும் சட்டம் இயற்றப்பட்டிருந்தது. வெளி மாநிலத்தார் தம் அடிமையை அங்கே அழைத்து வந்து ஆறு மாதம் வைத்திருந்தால், அந்த அடிமை விடுதலை பெறுவார். மேரிலாந்து எல்லையோ கெட்டிஸ்பர்க்கிலிருந்து சில மைல் தொலைவுதான். சாரிட்டி பட்லர் என்ற அடிமைப் பெண்ணை எஜமானியம்மாள் பலமுறை எல்லை கடந்து அழைத்து வந்து தங்கவைத்திருந்தார். அத்தனை நாட்களையும் கூட்டினால் ஆறு மாதத்துக்கு மேல் ஆகிறது. ஆகவே நானும் என் குழந்தைகளும் அடிமைகள் அல்லர் என்று சாரிட்டி வழக்காடினாள். உடையவனுக்காக வாதாடியவர் தாடியஸ் ஸ்டீவன்ஸ். சட்டத்தில் சொல்லப்பட்ட ஆறு மாதம் இடைவிடாத ஆறு மாதமாக இருத்தல் வேண்டும், துண்டு துண்டாகக் கூட்டிச் சேர்ப்பது பொருந்தாது என்று அவர் எடுத்துரைத்தார். 1821 இல் மாநில உச்ச நீதிமன்றம் அவ்வாதத்தை ஏற்றது. தாயும் குழந்தைகளும் அடிமைகளே என்று தீர்ப்பாயிற்று.

ஸ்டீவன்ஸுக்கு வெற்றி. இளம் வழக்குரைஞரின் புகழ் ஓங்கியது. சட்டத்தின் சொல்லைப் பிடித்துக்கொண்டு வாதாடுவதில் அவருக்கிருந்த வல்லமையை யாரும் மறுக்கவில்லை. அந்த வழக்கைப் பற்றி அவர் பின்னர் என்ன நினைத்தார் என்பதற்கு அவர் வாய்மொழி ஏதும் சான்றாக எனக்குக் கிட்டவில்லை. ஆனால் அதன் பிறகு அடிமையைப் பிடிக்க வந்தவனுக்காக அல்ல, பிடிபட்ட அடிமைக்காகவே அவர் நீதிமன்றத்தில் நின்றார் என்பதை அவருடைய வாழ்க்கை காட்டுகிறது. சரித்திராசிரியர்கள் சிலர் இதை மனமாற்றம் என்பர். சிலர் அவர் மனம் முன்பே அப்படித்தான், தொழில் தர்மம் ஒருமுறை குறுக்கிட்டது என்பர். எனக்கு இரண்டாவது விளக்கம் திருப்தி தரவில்லை. தொழில் தர்மம் என்று சொல்லிச் சாரிட்டி பட்லரின் குழந்தைகளைச் சமாதானப்படுத்த முடியுமா?

1833 இல் மாநிலச் சட்டசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அப்போது அவர் இருந்தது, மேசன்கள் என்ற இரகசியச் சங்கத்தாரை எதிர்ப்பதற்கென்றே தோன்றிய ஒரு கட்சி. அக்கட்சியின் வரலாறு நமக்கு இங்கே வேண்டியதில்லை. சட்டசபையில் அவர் செய்த ஒரு காரியம் மட்டும் சொல்லத்தக்கது. 1834 இல், ஏழை பணக்காரன் என்ற பேதமின்றி எல்லாக் குழந்தைகளுக்கும் வரிப்பணத்தில் பள்ளிக்கூடம் என்று ஒரு சட்டம் வந்தது. வரி கொடுப்போர் கொதித்தெழுந்தனர். அடுத்த தேர்தலில் அச்சட்டத்தை ஒழிப்போம் என்று வாக்குறுதி கொடுத்தவர்கள் திரளாக வந்து சேர்ந்தனர். மாநிலச் செனட் சபை ரத்து மசோதாவை நிறைவேற்றியும் விட்டது. 1835 ஏப்ரல் 11ஆம் நாள் ஸ்டீவன்ஸ் எழுந்து பேசினார். சட்டத்தைக் கொண்டுவந்த கவர்னரோ அவருக்கு எதிர்க்கட்சிக்காரர், அதைப் பொருட்படுத்தவில்லை. ஏழையின் பிள்ளைக்கு மட்டும் இலவசம் என்று எழுதி வைப்பது அப்பிள்ளையின் நெற்றியில் பிச்சைக்காரன் என்று முத்திரை குத்துவதாகும் என்பது அவர் வாதத்தின் உயிர்நாடி. பேச்சு முடிந்தபோது சபையின் மனம் மாறியிருந்தது, ரத்து மசோதா தோற்றது, சட்டம் பிழைத்தது. ஒரே பேச்சினால் ஒரு சபை மனம் மாறியது என்று கேட்டால் நான் எளிதில் நம்புவதில்லை. இங்கே நம்பாமல் இருக்க வழியில்லை.

அவரை மாசற்ற மகானாக எண்ணிவிட வேண்டா. சூதாட்டத்தில் விருப்பமுள்ளவர். நாவோ கத்தி. நோயால் தலைமயிர் முழுதும் உதிர்ந்துபோக, பொருந்தாத ஒரு செம்பட்டைப் பொய்முடியைக் கவிழ்த்துக்கொண்டிருப்பார். 1838 இல் தேர்தல் கணக்கைத் தம் கட்சிக்குச் சாதகமாகத் திருப்பப் பார்த்து, ஹாரிஸ்பர்க்கில் கூட்டம் ஆத்திரத்தோடு சூழ்ந்துகொள்ளவே, சபையின் சன்னல் வழியாகக் குதித்துத் தப்பினார். வளைந்த காலோடு சன்னல் தாண்டியவரைப் பார்த்து ஊரே சிரித்தது. ஆயினும் அதே ஆண்டில் அவர் செய்த மற்றொன்றைக் கண்டு யாரும் சிரிக்கவில்லை. மாநிலத்தின் புதிய அரசியல் சாசனத்தில், வாக்குரிமை வெள்ளை ஆண்களுக்கே என்ற சொல்லை நுழைத்தனர். அதுகாறும் வாக்களித்து வந்த கறுப்பின மக்கள் சிலரும் அவ்வுரிமையை இழந்தனர். அச்சாசனத்தை வகுத்த மாநாட்டில் ஓர் உறுப்பினராக இருந்தும் ஸ்டீவன்ஸ் அதில் கையொப்பமிட மறுத்துவிட்டார்.

இரும்பு உலைத் தொழிலில் இறங்கிப் பெருங்கடன்பட்டு, 1842 இல் லங்காஸ்டர் நகருக்குக் குடிபெயர்ந்து, வழக்குகளில் ஈட்டிய பொருளால் கடனை அடைக்கத் தொடங்கினார். 1849 இல் வாஷிங்டன் காங்கிரசுக்குச் சென்றார். மறு ஆண்டு நிறைவேறிய சட்டமொன்று, ஓடிப்போன அடிமையை நாட்டின் எந்த மூலையிலும் பிடித்துத் திருப்பியனுப்ப வேண்டும், அவனுக்கு ஜூரி விசாரணை கிடையாது, பிடிக்க உதவாதவன் குற்றவாளி என்றெல்லாம் விதித்தது. ஸ்டீவன்ஸ் அதைக் கடுமையாக எதிர்த்தும் பயனில்லை. 1851 செப்டம்பரில், லங்காஸ்டருக்கு அருகில் கிறிஸ்டியானா என்ற ஊரில், தம் அடிமைகளைப் பிடிக்க வந்த மேரிலாந்து எஜமானர் ஒருவர் கைகலப்பில் கொல்லப்பட்டார். பிடிக்க உதவ மறுத்த காஸ்ட்னர் ஹான்வே என்ற வெள்ளை மாவுமில்காரர் உட்பட முப்பதுக்கும் மேற்பட்டோர் மீது ராஜத்துரோகக் குற்றம் சாட்டப்பட்டது. ஃபிலடெல்ஃபியாவில் நடந்த அவ்விசாரணையில் எதிர்வாதத் தரப்பில் ஸ்டீவன்ஸும் நின்றார். ஜூரிகள் கால்மணி நேரம் கலந்து பேசி, ஹான்வே குற்றவாளியல்லர் என்றனர். சாரிட்டி பட்லரின் வழக்கு முடிந்து முப்பது ஆண்டுகள் ஆகியிருந்தன.

இடையில் பதவி இழந்து, புதிதாகத் தோன்றிய குடியரசுக் கட்சியின் உறுப்பினராக 1859 இல் மீண்டும் காங்கிரசுக்கு வந்தார். வயது அறுபத்தேழு. 1861 இல் உள்நாட்டுப் போர் மூண்டது. வரிவிதிப்புக் குழுவின் தலைவராகப் போருக்குப் பணம் திரட்டும் பொறுப்பு அவர் தலையில் விழுந்தது. 1862 இல் தங்க ஈடில்லாத காகித நோட்டைச் செல்லுபடியாக்கிய சட்டம் அவர் பொறுப்பில் நிறைவேறியது. 1863 ஜூனில், கெட்டிஸ்பர்க் போருக்குச் சில நாள் முன்பு, தென்னாட்டுப் படை அவருடைய கலிடோனியா இரும்பாலையைத் தேடிச் சென்று எரித்துச் சாம்பலாக்கியது. அடிமைத்தனம் அடியோடு ஒழியுமானால் இது மலிவான விலையே என்று நண்பருக்கு எழுதினார்.

அடிமை முறையை ஒழிக்கும் 13ஆவது திருத்தம் 1865 ஜனவரி 31ஆம் நாள் பிரதிநிதிகள் சபையில் 119க்கு 56 என்ற வாக்குகளில் நிறைவேறியது. ஏப்ரலில் லிங்கன் சுடப்பட்டு இறந்தார். பின்வந்த ஆண்ட்ரூ ஜான்சன், தோற்ற தென் மாநிலங்களை விரைவாக மன்னித்துப் பழைய இடத்திலேயே அமர்த்த முற்பட்டார். அம்மாநிலங்களோ, விடுதலை பெற்ற கறுப்பின மக்கள் வேலை ஒப்பந்தமின்றி இருந்தால் திரிபவர் என்று பிடித்து அபராதம் போடவும், அபராதம் கட்ட இயலாதவரை வேலைக்கு ஏலம் விடவும் சட்டங்கள் இயற்றின. இன்னொரு விந்தையையும் கவனிக்க வேண்டும். பழைய சாசனப்படி, ஒரு மாநிலத்தின் பிரதிநிதிகள் எத்தனை பேர் என்று கணக்கிடுகையில் அடிமைகள் ஐந்து பேரை மூவராகக் கொள்வர். இப்போது அடிமை இல்லை. ஆகவே ஐவரும் ஐவரே. வாக்குரிமை இல்லாத அம்மக்களின் எண்ணிக்கையைக் கொண்டே அவர்களுடைய பழைய எஜமானர்கள் முன்னிலும் அதிக இடங்களோடு காங்கிரசுக்குள் வரவிருந்தனர். போரில் தோற்றவனுக்குக் கணக்கில் லாபம்!

1865 டிசம்பர் 4ஆம் நாள் புதிய காங்கிரஸ் கூடியது. தென் மாநிலப் பிரதிநிதிகள் வந்து அமர்ந்திருந்தனர். சபைக் குமாஸ்தாவான எட்வர்ட் மக்ஃபர்சன் பெயர்ப் பட்டியலை வாசித்தார். கெட்டிஸ்பர்க்கில் பிறந்தவர் அவர், ஸ்டீவன்ஸின் நண்பர். தென் மாநிலப் பெயர்கள் ஒன்றுகூட வாசிக்கப்படவில்லை. டென்னஸியைச் சேர்ந்த ஹோரஸ் மேனார்ட் எழுந்து பேச வாய் திறந்தார். பட்டியலில் பெயரில்லாதவரைச் சபை கேட்கவியலாது என்று குமாஸ்தா வாசிப்பைத் தொடர்ந்தார். சர்க்கார் உத்தியோகத்தில் காலம் தள்ளும் எனக்கு இந்தக் காட்சி மிகவும் பிடித்தமானது. துப்பாக்கி தீர்க்காத ஒரு காரியத்தை ஒரு பதிவேடு தீர்த்தது.

அதன்பின் இரு சபைகளும் சேர்ந்து அமைத்த பதினைவர் குழுவில் பிரதிநிதிகள் சபைத் தரப்பின் தலைமை ஸ்டீவன்ஸினுடையது. அக்குழுவில்தான் 14ஆவது திருத்தம் உருவாயிற்று. அதன் முதற்பிரிவின் மையச் சொற்களை எழுதியவர் ஒஹையோ மாநிலத்து வழக்குரைஞர் ஜான் பிங்காம். அவருக்கும் ஸ்டீவன்ஸுக்கும் அடிக்கடி மோதல் உண்டு. ஆனால் இச்சொற்களை வைத்துச் சபையில் போராடியவர் ஸ்டீவன்ஸ். சட்டத்தின் முறைப்படியன்றி எந்தப் ‘பர்சனின்’ உயிரையும் உரிமையையும் உடைமையையும் மாநிலம் பறிக்கலாகாது. எந்தப் ‘பர்சனுக்கும்’ சட்டங்களின் சமமான பாதுகாப்பை மறுக்கலாகாது.

இங்கேதான் நான் முதலில் சொன்ன சங்கடம் வருகிறது. 1787 இல் எழுதப்பட்ட அமெரிக்க அரசியல் சாசனத்தில் ‘அடிமை’ என்ற சொல்லே கிடையாது. எழுதியவர்களுக்கு அச்சொல்லைச் சொல்ல நாணம். ஆகவே, ஐந்துக்கு மூன்று என்ற கணக்கைச் சொல்லுமிடத்தில் ‘மற்றப் பர்சன்கள்’ என்றனர்; ஓடிப்போன அடிமையைத் திருப்பித் தர வேண்டும் என்னுமிடத்தில், வேலைக்குக் கட்டுப்பட்ட ‘பர்சன்’ என்றனர். மனிதனைக் குறிக்கும் சொல்லைக் கொண்டே அடிமையை மறைத்தனர். எண்பது ஆண்டு கழித்து, அதே சொல்லை அதே ஏட்டில் எடுத்து, அடிமையாக இருந்தவனுக்குக் கேடயமாக வைத்தனர் பிங்காமும் ஸ்டீவன்ஸும். நம்முடைய ‘ஆள்’ என்ற சொல்லுக்கு நேர்ந்த கதையை எண்ணிப் பார்த்தேன்.

ஸ்டீவன்ஸுக்கு இத்திருத்தம் முழுத் திருப்தி அளிக்கவில்லை. அவர் விரும்பியது கறுப்பின மக்களுக்கு நேரடியான வாக்குரிமை. கிடைத்ததோ, ஆண்களுக்கு வாக்கு மறுக்கும் மாநிலத்துக்குப் பிரதிநிதிகள் எண்ணிக்கை குறையும் என்ற சுற்றுவழித் தண்டனை. வட மாநிலங்கள் பலவற்றிலேயே கறுப்பின மக்களுக்கு வாக்கில்லாதபோது அதற்குமேல் வாக்குகள் கிட்டா என்று அவருக்குத் தெரியும். 1866 ஜூன் 13ஆம் நாள் இறுதி வாக்கெடுப்புக்கு முன் அவர் பேசியது ஒரு வெற்றி வீரனின் பேச்சன்று. வாழ்நாள் முழுவதும், ஏதேனும் ஒரு வாய்ப்பு நேர்ந்து இந்நாட்டின் அமைப்பனைத்தையும் மனித ஏற்றத்தாழ்வின்றி வார்த்தெடுக்கலாம் என்று கனவு கண்டதாகவும், அக்கனவு கலைந்துவிட்டதாகவும், பழைய மாளிகையின் மிக மோசமான பகுதிகளை ஒட்டுப்போடுவதோடு அமைய வேண்டியிருக்கிறது என்றும் சொன்னார். குறைபாடுள்ள இதை ஏன் ஏற்கிறீர் எனின், தேவர்களிடையே அன்றித் தம்மைப் போன்ற மனிதர்களிடையே வாழ்வதால் ஏற்கிறேன் என்றார். 120க்கு 32 என்ற வாக்குகளில் திருத்தம் நிறைவேறியது.

பிடிவாதத்துக்குப் பேர்போன மனிதர் அன்று வளைந்துகொடுத்தது சரியா? அன்றைய நண்பர்கள் சிலரே பழித்தனர். ஆனால் அக்குறைபாடுள்ள வாக்கியத்தின் பிற்காலத்தைப் பார்க்கும்போது அவர் பக்கமே என் மனம் சாய்கிறது. சான்பிரான்ஸிஸ்கோ நகரில் மரக்கட்டடத்தில் சலவைக்கூடம் நடத்த நகரசபையின் அனுமதி வேண்டும் என்று விதியிருந்தது. சீனர் ஏறத்தாழ 200 பேர் விண்ணப்பித்தனர். ஒருவருக்கும் அனுமதி இல்லை. மற்றையோரில் ஒருவரைத் தவிர அனைவருக்கும் கிடைத்தது. யிக் வோ என்ற பெயரால் அறியப்படும் வழக்கில், 1886 இல், விதி பார்வைக்குப் பொதுவாயினும் கையாளும் முறையில் பாரபட்சம் இருந்தால் அது செல்லாது என்றும், ‘பர்சன்’ என்பதில் அமெரிக்கக் குடிமகன் அல்லாத சீனரும் அடங்குவர் என்றும் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வேற்றூரில் பிழைக்கப் போய், ‘எந்த ஊர்?’ என்ற கேள்வியோடு வாடகை வீட்டின் கதவு மூடப்படக் கண்ட அனுபவம் நேயர்களில் சிலருக்கு இருக்கக்கூடும், எனக்கும் உண்டு. வீட்டுக்காரர் கதவை மூடுவது வேறு, அரசு மூடுவது வேறு என்பது சட்டத்தின் நுட்பம். ஆயினும் அந்தச் சலவைக்காரரின் வழக்கைப் படித்தபோது, அவர் எனக்கு நெடுநாள் தெரிந்தவர்போல் தோன்றினார்.

இதே வாக்கியத்தை வைத்துக்கொண்டு 1896 இல் அதே நீதிமன்றம், கறுப்பினத்தாருக்குத் தனி ரயில் பெட்டி கொடுப்பது சமத்துவத்துக்கு மாறானதன்று என்றும் தீர்ப்புக் கூறியது என்பதை மறைக்கக்கூடாது. 1954 இல்தான், இனவாரியாகப் பள்ளிகளைப் பிரிப்பது சமமான பாதுகாப்பை மறுப்பதாகும் என்று அது சொன்னது. நமது அரசியல் நிர்ணய சபை அவ்வமெரிக்கச் சொற்களில் ஒரு பாதியை எடுத்துக்கொண்டு மறுபாதியை விட்டது. சபையின் சட்ட ஆலோசகர் பி. என். ராவ் அமெரிக்கா சென்று நீதிபதி ஃப்ராங்க்ஃபர்ட்டர் முதலியோரைக் கண்டு பேசி வந்தார். உயிரையும் உரிமையையும் பற்றிய தொடரில் அமெரிக்கச் சொல்லமைப்பு கைவிடப்பட்டது. ‘சமமான பாதுகாப்பு’ மட்டும் நம் 14ஆம் ஷரத்தாகக் கப்பலேறி வந்தது.

ஸ்டீவன்ஸ் வளைந்துகொடாத ஒரு விஷயமும் உண்டு. அதில் அவர் முற்றிலும் தோற்றார். சட்டம் உரிமை கொடுத்தாலும் காலடியில் நிலமில்லாதவன் மறுபடியும் பழைய எஜமானனிடமே கூலிக்கு நிற்பான் என்பது அவர் துணிபு. தென்னாட்டின் பெருநிலக்காரர் சுமார் 70,000 பேரின் நிலத்தைப் பறிமுதல் செய்து, விடுதலை பெற்ற வயதுவந்த ஆண் ஒவ்வொருவருக்கும் 40 ஏக்கர் கொடுக்க வேண்டும் என்று 1865 செப்டம்பரில் லங்காஸ்டரில் பேசினார். 1867 மார்ச்சில் மசோதாவாகவும் கொண்டுவந்தார். எழுந்து நிற்க வலுவின்றிப் பேசினார். அவருடைய சொந்தக் கட்சியே அதைத் தொடவில்லை. உடைமை என்றால் வடநாட்டு வணிகனுக்கும் நடுக்கம்தான். நிலச்சீர்திருத்தம் என்ற சொல்லைக் கேட்டு வளர்ந்த நம் தலைமுறைக்கு இது புதிதன்று.

1868 பிப்ரவரியில், காங்கிரஸ் இயற்றிய சட்டத்தை மீறி யுத்த மந்திரியை நீக்கிய ஜான்சன் மீது 126க்கு 47 என்ற வாக்குகளில் குற்றம் சாட்டப்பட்டது. வழக்கை நடத்தியவர்களுள் பிங்காமும் ஸ்டீவன்ஸும் இருந்தனர். கிழவரை நாற்காலியில் வைத்துச் செனட் சபைக்குத் தூக்கி வந்தார்கள். தம் உரையைத் தொடங்கிப் பேச முடியாமல் மற்றொருவரிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னார். மே மாதத்தில் 35 பேர் குற்றவாளி என்றும் 19 பேர் அல்லர் என்றும் வாக்களித்தனர். ஒரே வாக்கு குறைந்தது, ஜான்சன் தப்பினார்.

ஜூலையில் 14ஆவது திருத்தம் போதிய மாநிலங்களின் இசைவு பெற்றுச் சாசனத்தின் பகுதியாயிற்று. அது அவருக்குத் தெரிந்தே அவர் கண் மூடினார். 1868 ஆகஸ்ட் 11ஆம் நாள் நள்ளிரவில் வாஷிங்டனில் உயிர் பிரிந்தது. படுக்கையருகில் இருந்தவர்களுள் லிடியா ஹாமில்டன் ஸ்மித் ஒருவர். கலப்பினத்தைச் சேர்ந்த கைம்பெண். இருபது ஆண்டுகளாக அவர் இல்லத்தை நிர்வகித்து வந்தவர். இருவரையும் இணைத்துப் பகைவர் பத்திரிகைகள் எழுதாத வசையில்லை. அவற்றை ஸ்டீவன்ஸ் பொருட்படுத்தவில்லை. வீட்டுக்கு வருவோர் அவரைத் திருமதி ஸ்மித் என்று மரியாதையாகவே அழைக்க வேண்டும் என்பதில் மட்டும் கண்டிப்பாக இருந்தார்.

உடல் காங்கிரஸ் மாளிகையின் நடுமண்டபத்தில் வைக்கப்பட்டது. கறுப்பினப் போர்வீரர்கள் காவல் நின்றனர். லங்காஸ்டர் குடியரசுக் கட்சியார், இறந்த மனிதரையே அடுத்த தேர்தலுக்கும் வேட்பாளராக அறிவித்து மரியாதை செய்தனர். உயிலில், அனாதைச் சிறுவர்களுக்கு இல்லம் அமைக்க 50,000 டாலர் ஒதுக்கி, நிறமோ இனமோ பார்க்கலாகாது என்று விதித்திருந்தார். அதன் வழிவந்த தொழிற்கல்லூரி இன்றும் லங்காஸ்டரில் அவர் பெயரால் நடக்கிறது.

லங்காஸ்டரில் பெரிய கல்லறைத் தோட்டங்கள் வெள்ளையருக்கு மட்டும் என்று விதி வைத்திருந்தன. அதை அறிந்து, அவ்விதியில்லாத ஷ்ரைனர் கல்லறைத் தோட்டத்தில் இடம் வாங்கி, கல்லில் பொறிக்க வேண்டிய வாசகத்தையும் அவரே எழுதி வைத்திருந்தார். தனிமையை விரும்பி இவ்விடத்தைத் தேர்ந்தெடுக்கவில்லை. மற்ற இடங்கள் இனம் பார்ப்பதால், வாழ்நாளில் தாம் வாதாடிய கொள்கையைச் சாவிலும் விளக்கிக்காட்டவே இங்கே கிடப்பதாக அவ்வாசகம் சொல்கிறது.

லிடியா ஸ்மித்துக்கு ஆண்டுக்கு 500 டாலர், அல்லது மொத்தமாக 5,000 டாலர் என்று உயில் வாய்ப்பளித்தது. அவர் மொத்தத் தொகையைப் பெற்று, தாம் இருபது ஆண்டு பராமரித்த அந்த லங்காஸ்டர் வீட்டையே விலைக்கு வாங்கிக்கொண்டார். 1884 இல் அவர் இறந்தபோது, ஸ்டீவன்ஸின் கல்லறையைப் பேணுவதற்கென்று தம் உயிலில் ஒரு தொகை எழுதி வைத்திருந்தார்.